முன் சீட்டில் நாலாவது ஆள்

"...வலது பக்கம் மட்டுந்தான் டாக்டரம்மா கிழியுது. எடது பக்கம் பாருங்க, புச்சாவே கீது" என்றாள் தனம்.

தனம் என் மனைவி. அவள் கையில் இருந்தது என் காக்கிக் கால்சட்டை. ஆஸ்பத்திரி வார்டில், முப்பது கட்டில்களுக்கு நடுவில் நின்று, அதன் பின்பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே விரித்துப் பிடித்திருந்தாள். ஒட்டு மேல் ஒட்டுப் போட்ட அந்த வலது பக்கத்தை வார்டே பார்த்தது. நான் கட்டிலில் கிடந்தேன். என் தலையணைக்கு அடியில் ஒரு காகிதம். முதுகெலும்பில் ஆப்பரேஷன் செய்துகொள்ளச் சம்மதம் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாளாகப் போடவுமில்லை, திருப்பிக் கொடுக்கவுமில்லை. மானம் போகிறதே என்று பார்ப்பதா, முதுகு என்ன ஆகும் என்று பார்ப்பதா என எனக்கு ஒன்றும் ஓடவில்லை.

அந்தக் கட்டிலுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டுகிறவர்களும் காரில் தூரம் போகிறவர்களும் படித்தால் யாராவது ஒருவருக்கு உபயோகப்படும்.

பதினாலு வருஷமாக அம்பத்தூரில் ஒரு முதலாளியிடம் வாடகைக் கார் ஓட்டுகிறேன். அம்பாசடர். பெரும்பாலும் கோயிலும் கல்யாணமும்தான்: திருப்பதி, திருவண்ணாமலை, காஞ்சிபுரம். வீடு ஆவடி தாண்டி முத்தாபுதுப்பேட்டையில். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி, மற்றதெல்லாம் முன் சீட்டில் படித்தது. பின் சீட்டுக்காரர்கள் பூந்தமல்லி தாண்டுவதற்குள் தூங்கிப்போவார்கள். பேசுகிறவர்கள் முன் சீட்டில்தான் உட்காருவார்கள். தேங்காய் மண்டி வைத்திருந்த ஒருவர் தன் மருமகனைப் பற்றிச் சொன்னார்: "நல்லவர்தான். ஆனா நல்லவர்னு அவரே வந்து சொன்னப்புறந்தான் எங்களுக்குத் தெரிஞ்சுது." திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு திரும்பிய ஓர் அம்மாள், கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு, எங்கப்பா முகம் இத்தனை நாளாக இங்கேயா ஒளிந்திருந்தது என்று கேட்டாள். இந்த மாதிரிப் பேச்சுக்காகவே நான் வண்டி ஓட்டினேன் என்று சொன்னால் முதலாளி கோபித்துக்கொள்வார். ஆனால் அதுதான் நிஜம்.

அம்பாசடரின் முன் சீட்டு ஒரே நீளப் பெஞ்சு. கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால் கால் பக்கம் ஒன்றும் இடிக்காது. என்னைச் சேர்த்து அதில் நாலு பேர் உட்காருவது எங்கள் பக்கத்து வழக்கம். தள்ளி உட்காரச் சொல்லி யாரும் என்னிடம் கேட்க வேண்டியதில்லை. வாசலில் ஆள் தலை தெரிந்ததும் நானே கதவோரம் ஒதுங்கிவிடுவேன். இடம் இல்லை என்று ஒருவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

நோய் ஆரம்பித்தது ஒரு திருவண்ணாமலை சவாரியில். திரும்பி வரும்போது பூந்தமல்லியில் தேநீருக்கு நிறுத்தினேன். எல்லாரும் இறங்கினார்கள். என்னால் இறங்க முடியவில்லை. இடுப்பில் பிடித்த வலி வலது தொடைக்குப் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலைத் தாண்டி, குதிகால் வரைக்கும் கம்பியை இழுத்துக் கட்டினதுபோல் நின்றது. கட்டை விரல் மரத்துப்போயிருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, எதையோ யோசிக்கிறவன்போல் உட்கார்ந்திருந்தேன். வந்தவர்களில் ஒருவர் தேநீரைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, டிரைவருக்கு மரியாதை தெரிந்திருக்கிறது, வண்டியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார் என்று மெச்சினார்.

அன்றிலிருந்து ஆளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். என்ஜின் சூடு உடம்பில் ஏறிவிட்டது, எண்ணெய் தேய்த்து முழுகு என்றார் முதலாளி. வாயு என்று பூண்டு வதக்கிக் கொடுத்தாள் என் அக்கா. கல் அடைப்பு என்று எதிர்வீட்டுக்காரர் வாழைத்தண்டு வெட்டிக்கொண்டு வந்தார். சுளுக்குதான் என்று சொன்னவர்கள், கால் முன்னால் வரப் பிறந்த ஆள் முதுகில் உதைத்தால் போய்விடும் என்றார்கள். அப்படிப் பிறந்த ஒருவர் எங்கள் தெருவிலேயே இருந்தார். பாடியில் ஃபேக்டரி வேலை, ரொம்பவும் கூச்ச சுபாவம். மூன்று நாள் காலையில் வேலைக்குப் போகிற வழியில் வந்து, செருப்பைக் கழற்றி, "தப்பா எட்துக்காதீங்க" என்று சொல்லிவிட்டு என் முதுகில் லேசாக உதைத்துவிட்டுப் போனார். மூன்றாம் நாள் வலி குறைந்த மாதிரியும் இருந்தது, கூடின மாதிரியும் இருந்தது.

என் சொந்த வைத்தியம் ஒன்றும் உண்டு. இலவம் பஞ்சு வைத்து மெத்தென்று ஒரு திண்டு தைத்துக் கொடு என்று தனத்திடம் கேட்டேன். தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டு உட்கார்ந்து ஒரு மாசம் ஓட்டினேன். முதல் நாள் சொர்க்கம். பிறகு முன்னைவிட மோசம். மெத்தென்று இருப்பது எப்படி வலிக்கும் என்று புரியாமல் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைக்கச் சொன்னேன்.

அம்பத்தூர் டாக்டர் சிறுநீரைச் சோதிக்க எழுதிக் கொடுத்தார். அதில் ஒன்றுமில்லை. எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதிலும் ஒன்றுமில்லை என்றார். வெளியே வந்ததும் தனம் கேட்டாள், "ஒண்ணுமில்லன்னா சந்தோசப்படணுமா, பயப்படணுமா?" கால் அது பாட்டுக்கு வலித்துக்கொண்டிருந்தது. எக்ஸ்ரேயில் எலும்புதான் விழும், எலும்புகளுக்கு நடுவில் இருப்பது விழாது என்று யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கடைசியில் பட்டணத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். காத்திருக்கும் கூடத்தில் நீள நீளமாகப் பெஞ்சுகள். முதுகு வலிக்காரர்களை அங்கே சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம், யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். உட்கார்ந்துவிட்டால், பெயர் கூப்பிட்டு எழுந்து நிற்பதற்குள் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். முதல் நாள் எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டாம் முறை என் மச்சான், அதாவது தனத்தின் அண்ணன், என் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கி நிறுத்தியே வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னோடு பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியவர் இல்லை.

உள்ளே படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்லத் தூக்கினார் பெரிய டாக்டர். இடது கால் நேரே மேலே போனது. வலது கால் ஒரு முழம் எழுவதற்குள் கத்திவிட்டேன். அதுதான் சோதனை. காலுக்குப் போகிற நரம்பு இடுப்பில் எங்கோ நசுங்கினால் அப்படித்தான் இழுக்குமாம். கணுக்காலில் சுத்தியால் தட்டினார், பாதத்தில் குண்டூசியால் குத்தினார். எங்கே குத்துவது தெரிகிறது, எங்கே தெரியவில்லை என்று சொல்லச் சொன்னார். சில இடங்களில் குத்துகிறாரா இல்லையா என்றே எனக்குச் சந்தேகம். தப்பாகச் சொன்னால் காலை எடுத்துவிடுவார்களோ என்று பயந்து, எல்லாவற்றுக்கும் தெரிகிறது என்றேன். இப்படிச் செய்யாதீர்கள். டாக்டரிடம் நல்ல பெயர் வாங்குவதற்காக நாம் அங்கே போகவில்லை.

வட்டு பிதுங்கியிருக்கிறது என்றார்கள். எனக்குப் புரிந்த விதத்தில் சொல்கிறேன்: முதுகெலும்பு என்பது ஒரே எலும்பு இல்லை, அடுக்கி வைத்த சின்னச் சின்ன எலும்புகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில், வண்டியில் ரப்பர் புஷ் இருக்கிறதே, அதுபோல ஒரு மெத்தை. அது ஒரு பக்கமாகவே நசுங்கிக்கொண்டிருந்தால் மறுபக்கம் பிதுங்கி நரம்பை அழுத்தும். வலி காலில் தெரியும், கோளாறு இடுப்பில் இருக்கும். புஷ் என்றால் மாற்றிவிடலாமே என்றேன். இதற்கு ஸ்பேர் கிடையாது என்றார் கூட இருந்த சின்ன டாக்டரம்மா. வயதில் சின்னவர், பேச்சில் கெட்டி.

மெத்தையை உருவிவிட்டுப் பலகை போட்ட கட்டிலில் படுக்க வைத்தார்கள். இடுப்பில் பட்டை கட்டி, அதிலிருந்து கயிறு போய், கட்டில் காலடியில் உருளை வழியாகத் தொங்கி, அதில் எடைக்கல். உடம்பு எடையோடு சேர்ந்து சறுக்கி வந்துவிடாமல் இருக்க, கட்டிலின் கால்பக்கத்துக்கு அடியில் செங்கல் அடுக்கி உயர்த்தியிருந்தார்கள். தலை கீழே, கால் மேலே. இதற்கு டிராக்‌ஷன் என்று பெயர். அடுக்கு எலும்புகளைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் நடுவில் இருக்கும் மெத்தைக்கு மூச்சு விட இடம் கிடைக்கும் என்பது கணக்கு. சாப்பாடும் படுத்தபடிதான். இரவில் புரள முடியாது. விழித்திருக்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம், ஒருவர் இருமினால் இன்னொருவர் பதிலுக்கு இருமுவார். அதுவே துணை.

மச்சான் நைட் ஷிஃப்ட் முடிந்து நேரே வந்து எனக்குச் சவரம் செய்துவிடுவார். தலை தாழ்ந்திருந்ததால் சோப்பு நுரை மூக்குக்குள் வடியும். ஒரு விரலால் மூக்கை அடைத்துப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி, கல்யாண மாப்பிள்ளைக்குச் செய்வதுபோல் பொறுமையாகச் செய்வார். ஒரு வார்த்தை பேசமாட்டார். முடிந்ததும் கண்ணாடியைக் காட்டிவிட்டுப் போய்விடுவார்.

பதினெட்டாம் நாள் மைலோகிராம் எடுத்தார்கள். முதுகில் ஊசி குத்தி, தண்டுவடத்தைச் சுற்றி இருக்கும் நீரில் ஒரு மருந்தைச் செலுத்தி, மேசையோடு நம்மைத் தலைகீழாகவும் நேராகவும் சாய்த்துப் படம் எடுப்பது. மருந்து எங்கே ஓடாமல் தேங்குகிறதோ அங்கே அடைப்பு என்று அர்த்தம். எடுத்த பிறகு இரண்டு நாள் தலைவலி மண்டையைப் பிளந்தது. முதுகுக்கு வந்தவனுக்குத் தலை ஏன் வலிக்கிறது என்று கேட்டேன். அந்த நீர் குறைந்தால் தலை வலிக்கும், படுத்தே இருந்தால் போய்விடும் என்றார்கள்.

படத்தைப் பார்த்துவிட்டுப் பெரிய டாக்டர் ஆப்பரேஷன் செய்துவிடலாம் என்றார். வேறொரு டாக்டர் வந்து பார்த்து, பிதுக்கம் சின்னதுதான், காத்திருந்தும் பார்க்கலாம் என்றார். செய்தால் சரியாகுமா என்று கேட்டேன். பெரும்பாலும் ஆகும். செய்யாவிட்டால்? சில பேருக்குத் தானாகவே ஆகும், சில பேருக்குக் கால் விழுந்துவிடும். ஆப்பரேஷனில் கால் விழாதா? விழக்கூடாது. இத்தனை பதிலில் எதைப் பிடித்துக்கொள்வது? கால் இல்லாமல்போனால் கார் இல்லை. கார் இல்லாவிட்டால் நான் யார் என்று யோசிக்கவே பயமாக இருந்தது. பக்கத்துக் கட்டில் மாணிக்கம், பாடியில் லேத் ஓட்டுகிறவன், இதே ஆப்பரேஷன் முடிந்து நடந்துகொண்டிருந்தான். அவனையே கேட்டேன்.

"எனுக்கு நல்லாச்சு அண்ணாத்தே. அத்த வச்சி உனுக்கும் ஆவும்னு நான் எப்டி சொல்றது? நான் இன்னா டாக்டரா" என்றான்.

அந்த வார்டில் எனக்குக் கிடைத்த நேர்மையான பதில் அதுதான். அதுவும் உதவவில்லை.

ஆப்பரேஷனுக்குக் குறித்திருந்த நாளுக்கு முந்தின நாள், நான் வந்தபோது உடுத்தியிருந்த துணிகளை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னாள் நர்ஸ். தனம் கட்டிலுக்கு அடியிலிருந்து மூட்டையை இழுத்து அவிழ்த்தாள். கால்சட்டையைத் திருப்பிப் பார்த்ததும் எரிச்சலாகிவிட்டாள். போன மாசம் போட்ட ஒட்டு, அதற்குள் நைந்திருக்கிறது. டாக்டரம்மா பக்கத்தில் நின்று எழுதிக்கொண்டிருந்தார். முதலில் நான் எழுதியது அப்போது தனம் அவரிடம் சொன்னதுதான்.

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். எந்த டாக்டரும் அதுவரை தனத்திடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. பெரிய டாக்டர் சுற்றிப் பார்க்க வருகிற நேரம் வீட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிடுவார்கள். கால்சட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, வண்டியில் எப்படி உட்காருவீர்கள் என்று என்னைக் கேட்டார். நேராகத்தான் என்றேன். மனதார அப்படித்தான் நம்பினேன். பட்டையைக் கழற்றி, பார்க்க வருகிறவர்களுக்காகப் போட்டிருந்த நீளப் பெஞ்சில் என்னை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தேன். சரியாகத்தானே இருக்கிறது என்றார் டாக்டரம்மா.

"ஆள் இல்லாம உக்காரச் சொன்னா இப்டித்தான் உக்காருவாரு" என்றாள் தனம்.

சொல்லிவிட்டு என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில், சவரம் செய்ய வந்திருந்த மச்சானை உட்கார வைத்தாள். மாணிக்கத்தையும் கூப்பிட்டாள். அவன் முதுகைப் பிடித்துக்கொண்டே வந்து நுனியில் உட்கார்ந்தான். நான் ஒன்றுமே செய்யவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், என் உடம்பு தானாக நகர்ந்தது. இடது இடுப்பு மேலே எழுந்தது, வலது பிட்டம் மட்டும் பெஞ்சு விளிம்பில், தோள், அங்கே இல்லாத கதவில் சாய, கால்கள் ஒரு பக்கம், முகம் பேசுகிறவர்கள் பக்கம். பதினாலு வருஷமாகக் கொடியில் போட்ட ஈரத் துணி மாதிரி முறுக்கிக்கொண்டு ஓட்டியிருக்கிறேன். முன்னால் யாரும் இல்லாத நாளிலும் அந்த ஓரத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன் என்பது இடது பக்கத் துணி புதுசாகவே இருந்ததிலிருந்து தெரிந்தது. அந்த ஓரத்தில்தான் மெத்தென்று திண்டு வேறு போட்டு இன்னும் சாய்ந்திருக்கிறேன்.

டாக்டரம்மா என் பின்னால் வந்து முதுகெலும்பை விரலால் மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். பெரிய டாக்டரைக் கூட்டிவந்தார். அவர் எங்கள் நாலு பேரையும் பெஞ்சில் பார்த்துவிட்டு, இது எந்த ஊர் பஸ் என்று கேட்டார். பிறகு சிரிப்பை விட்டு, இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்லமுடியாது, இல்லை என்றும் சொல்லமுடியாது, ஆறு வாரம் படுக்கையிலிருந்து பார்க்கட்டும் என்றார். காகிதத்தைத் தலையணைக்கு அடியிலிருந்து டாக்டரம்மாவே எடுத்துக்கொண்டார்.

ஆறு வாரத்தில் கால் நேரே தூக்க வந்தது. கட்டை விரல் மரத்தது மரத்ததுதான். எதனால் குணமானேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எடைக்கல்லால் என்கிறார் மச்சான், இப்போது என்னோடு பேசுகிறார். மூன்றாவது உதை கொஞ்சம் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்பது எங்கள் தெருவின் தீர்மானம். ஆப்பரேஷனே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. மாணிக்கம் அதனால்தான் மறுபடி லேத்தில் நிற்கிறான்.

டாக்டரம்மா எனக்குச் சொல்லி அனுப்பியதை மட்டும் சொல்கிறேன். ஸ்டியரிங்குக்கு நேராக உட்கார வேண்டும், பாதி உடம்பு வெளியே இருக்கக்கூடாது. கிளட்சை மிதிக்கக் காலை எட்டி நீட்ட வேண்டியிருந்தால் சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ள வேண்டும். அடியில் பஞ்சு வேண்டாம். இடுப்பு வளைவுக்கும் சீட்டுக்கும் நடுவில் ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் போதும். மணிக்கு ஒரு தரம் நிறுத்தி, அடுத்த மைல்கல் பக்கம் நடந்துவிட்டு வரவேண்டும். பின் சீட்டில் சுருண்டு தூங்குகிறவர்களையும் எழுப்பி நடக்கவைக்கிறேன், திட்டுகிறார்கள், நடக்கிறார்கள். இறங்கும்போது ஒரு காலை மட்டும் வெளியே போட்டு முறுக்கிக்கொண்டு எழாமல், இரண்டு காலையும் சேர்த்துத் திருப்பி வைத்து எழ வேண்டும். இறங்கின கையோடு டிக்கியில் பெட்டி தூக்கக் குனியக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, முன்னால் என்னைச் சேர்த்து மூன்று பேர்தான். நாலாவது ஆள் கூடாது.

மற்ற எல்லாம் சுலபமாக வந்துவிட்டது. கடைசியில் சொன்னதுதான் வரவில்லை.

நாலு மாசம் கழித்து முதல் சவாரி, அம்பத்தூரிலிருந்து காஞ்சிபுரத்துக்கு ஒரு நிச்சயதார்த்தம். முதலாளி வீட்டு வாசலில் வண்டி. தனம் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுக்க வந்திருந்தாள். பின்னால் நெருக்கியடித்து ஏறினார்கள். முன்னால் பெண்ணின் அப்பாவும் பெரியப்பாவும். அதற்குள் ஒருவர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்தபடி ஓடிவந்தார். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, பேசத் தெரிந்த மனிதர். வரும்போதே பெண்ணின் அப்பாவைப் பார்த்து, மூன்று பெண்ணைக் கட்டிக்கொடுத்த களைப்பில் நாலாவது ஆளை விட்டுவிட்டு ஓடப்பார்க்கிறாயா என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இடமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். வார்த்தை வருவதற்கு முன்னால் இடுப்பு நகர்ந்துவிட்டது. தோள் கதவில் பட்டுவிட்டது. அவரும் அந்தப் பக்கம் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டார். என்ன செய்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

தனம் தூக்கைத் தரையில் வைத்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தாள். கதவை முழுசாகத் திறந்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சாய்ந்திருந்த தோளுக்குப் பிடிமானம் போய்விட்டது. இன்னும் ஒரு அங்குலம் நகர்ந்தால் ரோட்டில் விழுவேன். ஸ்டியரிங்கைப் பிடித்து உள்ளே ஏறி உட்கார்ந்தேன். பெண்ணின் பெரியப்பா தள்ளப்பட்டார், பெண்ணின் அப்பா தள்ளப்பட்டார். உள்ளே வைத்த கால் தானாக வெளியே போய்விட்டது. அந்த மனிதர் திறந்த கதவையும் அதைப் பிடித்திருந்தவளையும் பார்த்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

தனம் உடனே கதவை மூடவில்லை. குனிந்து என் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு, சீட்டில் படுகிறதா என்று தடவிப் பார்த்தாள். அப்புறந்தான் மூடினாள்.